உதறாத கெங்கம்மா

கத்திவாக்கத்தில் கெங்கம்மா வீடு எது என்று கேட்டால், "எந்தக் கெங்கம்மா, உதறாத கெங்கம்மாவா?" என்பார்கள். அந்தப் பெயர் வந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். மீனுக்கு உப்புப் போடும் சர்க்கார் கொட்டடியில் அப்போது தராசு பிடித்தவன் நான்தான்.

நாற்பத்தேழு வரைக்கும் உப்புக்கு வரி இருந்தது. கருவாடு போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. மீனைக் கொட்டடிக்குக் கொண்டுவந்தால், அதன் எடைக்குத் தக்கபடி வரியில்லாத உப்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அங்கேயே மீனில் தடவிவிட வேண்டும். ஒரு சிட்டிகை வெளியே போகக்கூடாது. அதனால் வீட்டுக்குப் போகும் பெண்கள் வாசலில் நின்று என்னிடம் முந்தானையை உதறிக் காட்டுவார்கள்.

கெங்கம்மாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. கருவாடுதான் அவளுக்குச் சோறு. பன்னிரண்டு வருஷம் உதறினாள், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"கொண்டையையும் அவுத்துக் காட்டட்டா பாய்? நாக்குல கொஞ்சம் உப்பு ஒட்டிக்கினு கீது, அத்தையும் வழிச்சிக்கோ!"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெண்பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பார்க்கும் இந்த வேலைக்காக அல்லாஹ்விடம் தினமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

நாற்பத்தேழு ஏப்ரல் முதல் தேதி காலையில், உப்பு வரி ரத்து என்ற நோட்டீசைச் சூப்பர்வைசர் ராமசுப்பு தம் கையாலேயே வாசலில் ஒட்டினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதமாக ஒன்றும் கொடுக்காத கடல், அன்றைக்குப் பார்த்து அள்ளிக் கொடுத்தது. ஆனால் கட்டுமரங்கள் கரையேற நாலரை மணி ஆகிவிட்டது. நான் அஸர் தொழுதுவிட்டு வந்து தராசைத் துடைக்கும்போது, கெங்கம்மாவும் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளும் ஆறு கூடைப் பாரை மீனை இறக்கினார்கள்.

ராமசுப்பு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குப் பூட்டணும். இதை வெட்டி உப்புப் போட்டு முடியாதும்மா. நாளைக்குக் கொண்டா."

"இந்த வெயில்ல நாளிக்குள்ள நாறிப்பூடும் சாமி! ரெண்டு மாசங்கழிச்சி இப்பதான் மீனைக் கண்ணால பாக்கறேன். உப்பைக் குடு, வூட்டாண்ட போட்டுக்கறேன்."

"கொட்டடி உப்பு வெளியே போகக்கூடாது. அது வரியில்லாத உப்பு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "வாசல்ல இன்னா ஒட்டிக் கீது, படி பாய்."

"இன்று முதல் உப்புக்கு வரி கிடையாது."

"கொட்டடி உப்புக்கா, கடை உப்புக்கா?"

"எல்லா உப்புக்குந்தாம்மா."

கெங்கம்மா இடுப்பில் கையை வைத்தாள். "கேட்டுக்கினியா சாமி? கடை உப்புக்கு வரி கீதுன்னுதானே இத்தப் பூட்டி வெச்சே? இன்னிலேர்ந்து ஊர்ல கீற உப்பெல்லாம் வரியில்லாத உப்பு. அப்பறம் இத்தப் பூட்டி இன்னா பண்ணப் போறே?"

"மேலேயிருந்து எழுத்து வரலியேம்மா..."

"அப்போ நீ ஒட்னது இன்னா, சினிமா நோட்டீசா?"

சொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராமசுப்பு எழுந்து வாசலுக்குப் போனார். தாம் ஒட்டிய நோட்டீசைத் தாமே, விரல் வைத்து, முதலிலிருந்து படித்தார். திரும்பி வரும்போது அவர் முகத்திலும் சிரிப்பு.

"காலையில படிச்சேன். இப்பதான் புரியுது. போடுங்க பாய் எடையை!"

உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கெங்கம்மா வாசலுக்கு வந்தாள். பழக்கத்தில் கை முந்தானைக்குப் போய்விட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"அடியே, கெங்கம்மா உதறலடி!" என்று சொக்கம்மாள் போட்ட சத்தம் குப்பம் முழுக்கக் கேட்டது. பொழுது சாய்வதற்குள் தெருவே அவள் வாசலில் உட்கார்ந்து மீனை வெட்டியது. அல்ஹம்துலில்லாஹ், ஆறு கூடையில் ஒரு மீன் கெடவில்லை.

நாலாம் நாள் அவள் கொட்டடிக்கு வந்து, காய்ந்த பாரை ஒன்றை என் தராசுத் தட்டில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"எடை பாத்துச் சொல்லு பாய், உன் வூட்டுக் கொழம்புக்குப் பத்துமா?"