நான் தாங்கிப் பிடித்த கார்

ஒரு முழு மோட்டார் காரை மல்லாந்து படுத்தபடி இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் தாங்குகிறேன் என்பது அந்தக் காருக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

கார் என்னுடையதல்ல. பீங்கான் தொழிற்சாலையில் சூளைப் பகுதி சூப்பர்வைசருக்கு அந்தக் காலத்தில் சைக்கிளே அதிகம். கார் மாமனாருடையது. கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பு போட்டவர், ஒரு வருஷம் வெள்ளாமை நன்றாக வந்துவிட்ட குஷியில், யாரோ தலைமுழுகிய கறுப்புக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். அந்த வாரம் பெய்த மழையில் அவர் தெரு சேறாகிவிட்டதால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில், தெருவை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். கிளம்பும்போது சொன்னார்:

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன் மாப்ள. அதுக்குள்ள ஆயிலு மாத்தணும். மெக்கானிக்கக் கூப்ட்டு வுடுங்க. நீங்க கைய வெக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சூளையையே கட்டி மேய்க்கிறவனுக்கு ஒரு நட்டைக் கழற்றத் தெரியாதா? மெக்கானிக்காவது, மண்ணாங்கட்டியாவது.

எனக்கு யோசனை சொல்ல மச்சினன் வந்து சேர்ந்தான். பஸ் கண்டக்டர். பத்து வருஷம் விசில் ஊதியதில் என்ஜினைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

"என்ஜின ஓடவுட்டு சூடாக்குங்க மாமா. அப்பதான் ஆயிலு சரசரன்னு எறங்கும்."

"எவ்ளோ சூடு?"

"நல்லா."

நல்லா என்றால் எவ்வளவு என்று சோற்றுக்குத் தண்ணீர் வைக்கிறவள்கூடக் கேட்பாள். நான் கேட்கவில்லை. அரைமணி நேரம் ஓடவிட்டோம். பிறகு, தூக்குவதுதான் தூக்குகிறோம், முன்சக்கரம் இரண்டையும் கழற்றி கிரீஸ் போட்டுவிடலாம் என்றான். அதற்கும் தலையாட்டினேன். ஜாக்கி எங்கள் தொழிற்சாலைக்கு மண் கொண்டுவரும் லாரி டிரைவருடையது. பத்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஜாக்கியை எடுத்துவிட்டால் காரை எதன்மேல் நிறுத்துவது?

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. விருத்தாசலத்தில் தொழிற்சாலை கழித்துப் போட்ட சாமான் இல்லாத வீடு கிடையாது. காதுடைந்த கோப்பையில் உப்பு இருக்கும், கோணல் ஜாடியில் ஊறுகாய் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது சூளைத்தொட்டி. கனமான சுட்டமண் தொட்டி அது. கோப்பைகளையும் தட்டுகளையும் அதற்குள் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு மேல் அடுக்கித்தான் சூளையில் சுடுவோம். சில தடவை தீயைத் தின்றபிறகு தொட்டியைக் கழித்துவிடுவோம். கழித்தது வீடுகளுக்கு வந்து கோழி அடைக்கும், துளசி வளர்க்கும், குளிக்கிறவருக்கு முக்காலியாகும். ஏன் கழித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கழித்தவனே கேட்கவில்லை. என் வீட்டுக் கொல்லையில் கிடந்த இரண்டு தொட்டிகளின் பக்கவாட்டில் கழிவு என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டவன் சாட்சாத் நானேதான்.

அந்த இரண்டையும் கவிழ்த்து, காரின் முன் அச்சுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று கொடுத்தோம். மச்சினன் சக்கரங்களைக் கழற்றி, ஜாக்கியை இறக்கி, லாரிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். பின்சக்கரங்களுக்கு ஒரு கல்லாவது வைத்தோமா? இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே! அந்த பிரேக் இருந்தது உண்மை. பிடித்ததா என்று அந்தக் காரைத் தலைமுழுகியவரைத்தான் கேட்கவேண்டும்.

என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, இது தாங்குமா?"

"சூளையில எவ்ளோ ஒசரம் அடுக்குறோம் தெரியுமா உனக்கு? அம்மாம் பாரத்தையும் அடித்தொட்டிதான் தாங்குது."

"சூளையில அதுக்குக் கீழ நீங்க படுத்துக்கறீங்களா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்கிறவர்களை அலட்சியம் செய்வது என் வழக்கம். அலட்சியமாகவே படுத்து, இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே முன்பக்கமாக உள்ளே நகர்ந்தேன். கால் இரண்டும் வெளியே. நெஞ்சுக்கு மேலே என்ஜின். அதன் அடியில் ஆயில் நட்டு. ஒரு அலுமினிய பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நட்டு அசையவில்லை. பலம் வேண்டுமே என்று வலது காலை மடக்கி வலப்பக்கத் தொட்டியில் உதைத்து ஊன்றி, ஸ்பேனரை இழுத்தேன். காரைத் தாங்கும் பொருளை உதைக்கும் அறிவு எத்தனை பேருக்கு வரும்?

நட்டு வந்தது. ஆயிலும் வந்தது. அரைமணி நேரம் காய்ச்சிய ஆயில். பாதி பேசினில் விழுந்தது, பாதி மணிக்கட்டில் இறங்கி முழங்கை வழியாக அக்குள்வரை விசாரித்துக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா குடத்தோடு ஓடிவந்தார்.

அவரும் எங்கள் தொழிற்சாலைதான். சாமான் தரம் பிரிக்கும் பகுதி. சூளையிலிருந்து வருவதை ஒவ்வொன்றாகச் சின்னக் குச்சியால் தட்டி, காதில் வாங்கி, நல்லது இந்தப் பக்கம், கீறல் விட்டது அந்தப் பக்கம் என்று ஒதுக்குவார். நான் பின்னால் நின்று, "இன்னா, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்று கிண்டல் செய்வேன். "ஆமாங்க சார்" என்பார். ஊர்த்திருவிழாவில் எதிரே வந்தாலும் சார்தான்.

சுட்ட மண்ணைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. இடப்பக்கத் தொட்டியை விரல் முட்டியால் தட்டினார். டிங் என்றது. வலப்பக்கத்தைத் தட்டினார். டொக்.

இன்னொரு தடவை தட்டினார். டொக்.

"யோவ்! அந்தக் கால எடுய்யா! எடுத்துட்டு வெளிய வாய்யா!"

யாரை இப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். சார் என்ற சொல் உதிர்ந்துபோனது பிறகுதான் புரிந்தது. காலை எடுத்துவிட்டேன், அதுவரை சரி. அடுத்தது வெளியே வரவேண்டும். நான் என்ன செய்தேன்? இரண்டு கைகளையும் உயர்த்தி என்ஜினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கும் என்ஜினை.

"கைய வுடுங்க!" என்று மனைவி அலறினாள்.

"வுட்டா வுழுந்துரும்டி!"

"ஐயோ, நீங்க புடிச்சிருக்கறதாலயா நிக்குது?"

"பின்ன?"

என் எடை அப்போது அறுபத்திரண்டு கிலோ. குடும்பத்தில் யாரும் என்னிடம் தேங்காய் உரிக்கக் கொடுத்ததில்லை. ஆனாலும் இரும்புக் கார் ஒன்று என் இரண்டு உள்ளங்கைகளில் நிற்கிறது என்று நான் மனமார நம்பினேன். உள்ளங்கை வெந்தது. விடவில்லை. மச்சினனைக் கூப்பிட்டேன், அவன் குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது.

"தோ இருக்கேன் மாமா!"

"கோணாம நேரா இழு, அந்தத் தொட்டியில இடிச்சிடாத" என்று எதிர்வீட்டு அம்மா சொல்வது கேட்டது. மனைவி ஒரு கால், அவர் ஒரு கால். ஒரே இழுப்பு. நான் வெளியே வந்தேன், வேட்டி வரவில்லை. கோடு போட்ட டிராயரோடு, கைகளை இன்னும் மேலே தூக்கியபடி, தெருவில் கிடந்தேன்.

மச்சினன் தெருமுனையில் நின்றிருந்தான்.

"அங்க இன்னாடா பண்ற?"

"வண்டி எதும் வந்துடப் போவுதுன்னு நிறுத்திக்கினு இருந்தேன் மாமா."

தெருவில் ஒரு ஆடு மட்டும் நின்றது. அதை அவன் நிறுத்தியிருந்தான் போலும்.

வெட்கம் கெட்டவனுக்கு முதலில் திரும்பி வருவது வாய். எழுந்து உட்கார்ந்ததும் சொன்னேன்: "பாருங்க, நிக்குதில்ல? சும்மா இருந்தவன பயமுறுத்தி..."

அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. வலப்பக்கத் தொட்டி இரண்டாகப் பிளந்தது, கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து என்ஜினோடு உட்கார்ந்தது. பேசின் தட்டாகிவிட்டது. அது இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் என் நெஞ்சு இருந்தது.

எதிர்வீட்டு அம்மா உடைந்த தொட்டியின் துண்டு ஒன்றை எடுத்து, பிளந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பாதிவரை கரி ஏறிக் கறுத்திருந்தது.

"இது இன்னிக்கு வுட்ட கீறலு இல்லீங்க சார். சூளையிலயே வுட்டுருக்குது." துண்டின் மறுபக்கத்தில் என் பெருக்கல் குறி இருந்தது. அதை அவரும் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி வெந்த கைகளைத் தண்ணீரில் முக்கி வைத்தாள். சாயங்காலம் மாமனார் வந்துவிடுவார். ஆயில் இல்லாத, நட்டு இல்லாத, சாய்ந்து கிடக்கிற கார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கிடைக்கவில்லை. யாராவது அடியில் போயே ஆகவேண்டும். மச்சினனைப் பார்த்தேன். அவனுக்குச் சட்டென்று டியூட்டி ஞாபகம் வந்தது.

பயந்தவன் செய்கிற வேலையில்தான் ஒழுங்கு இருக்கும் என்பதை அன்று மத்தியானம் கண்டேன். விறகுக்கடையிலிருந்து பழைய தண்டவாளக் கட்டைத் துண்டுகள் எட்டு, தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன். ஜங்ஷன் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. லாரிக்காரர் காலில் விழாத குறையாக ஜாக்கி வாங்கினேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல். ஜாக்கிக்கு அடியில் பலகை. அச்சுக்கு இரண்டு பக்கமும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கழற்றிய சக்கரங்கள் இரண்டையும் காருக்கு அடியில் படுக்கப்போட்டேன். இந்தத் தடவை ஜாக்கியையும் எடுக்கவில்லை. காரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி உலுக்கினேன். என்ஜின் ஆறிவிட்டதா என்று ஆறேழு தடவை தொட்டுப் பார்த்தேன். பிறகு காபி குடித்தேன். பிறகு இன்னொரு காபி.

"போறீங்களா, நான் போவட்டுமா?" என்றாள் மனைவி.

போனேன். உள்ளே நகரும்போதே என் வலது கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"இன்னாடி பண்ற?"

"புடிச்சிக்கினு இருக்கேன்."

"காருக்கு ஏதாவது ஆனா கால மட்டும் காப்பாத்தப் போறியா?"

பிடி இன்னும் இறுகியது. கொப்புளம் வந்த விரல்களோடு நட்டைத் துளையில் பொருத்தினேன். முதல் தடவை கோணலாகப் போனது, கழற்றி மறுபடி விரலாலேயே சுற்றி ஏற்றினேன். பிறகு ஸ்பேனர். இரண்டு நிமிஷ வேலை.

"முடிஞ்சிது, வுடு. நானே வரேன்" என்றேன்.

அவள் விடவில்லை. தரதரவென்று இழுத்தாள். முதுகுத் தோல் உரிந்தது. இழுத்த இழுப்புக்கு வந்தேன்.