கடைசி பஸ்ஸும் அந்த அறுபதும்

தொண்ணூறுகளின் கடைசியில், நான் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த வருடம் நடந்தது இது. பதுளை நகரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் கணிதமும் விஞ்ஞானமும் டியூசன் நடக்கும். தெமோதரைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து நாங்கள் நாலு பெண் பிள்ளைகள் போய்வந்தோம்.

கணிதம் சித்தியடையாவிட்டால் மேலே படிக்க முடியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். அந்தப் பயம் ஒரு பக்கம் என்றால், அப்பா இன்னொரு பக்கம். யுத்தத்தில் நாடு இருந்த நிலைமையில் பொம்பளைப் பிள்ளைகள் டவுனுக்குப் போய்வருவதே அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒரு நாளு இருட்டி வந்தாலும் சரி, அன்னிக்கோட டியூசனுக்கு முழுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

டியூசன் சேர் இளம் வயதுக்காரர். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். மற்ற இடங்களில் குறிப்புக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். இவரோ விடை சரியாக இருந்தாலும் "ஏன்?" என்று கேட்டு உயிரை வாங்குவார். வகுப்பு முடியும் முன் யாராவது ஒருவரை எழுப்பி, அன்றைய பாடத்தைச் சொந்த வாயால் விளக்கச் சொல்வார். அவருக்கு விளங்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் நாங்களும் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். "விளங்குதா?" என்றவுடனே பூம்பூம் மாடு மாதிரி எல்லோரும் தலையாட்டிவிடுவோம். எழும்புகிறவளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி விடையை முணுமுணுப்பாள். எங்களுக்குப் பஸ் முக்கியம்.

அன்றைக்கு நல்ல மழை. தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சேர் என்னை எழுப்பினார். ஒரு தேயிலை மலையின் செடிகளையெல்லாம் ஆறு பேர் பத்து நாளில் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டினால், பதினைந்து பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? இதுதான் கணக்கு. ஆறையும் பத்தையும் பெருக்கி, பதினைந்தால் பிரித்து, நாலு நாள் என்றேன். விடை சரி. புத்தகப் பையைத் தோளில் மாட்டப் போனேன்.

"அறுபது வந்துச்சே, அந்த அறுபது என்னம்மா? ஆளா, நாளா?" என்றார் சேர்.

பின்னாலிருந்து ஒருத்தி "ஆளுன்னு சொல்லுடி" என்றாள். இன்னொருத்தி "நாளுடி" என்றாள். கீழே பஸ் நிலையத்தில் நடத்துனர் கூவுவது கேட்டது. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் என்னை இடித்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பரீட்சை மண்டபத்தில் பின்னாலிருந்து யார் முணுமுணுப்பார்கள் என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? "எனக்கு விளங்கல சேர்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லோருடைய பஸ்ஸையும் நானல்லவா கெடுத்துவிட்டேன்!

அப்போது வகுப்பிலேயே கெட்டிக்காரி எழும்பினாள். "எனக்கும் விளங்கல சேர்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக முக்கால்வாசிப் பேர் எழும்பிவிட்டார்கள். இத்தனை நாளும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்!

சேர் கோபிக்கவில்லை. "சரி, அந்த மலையை ஒரே ஒரு ஆளு மட்டும் வெட்டினா?" என்று கேட்டார். எங்கள் அப்பா தனியாக ஒரு மலை முழுவதையும் வெட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணில் தெரிந்தது. அறுபது நாள்! ஒரு ஆள் அறுபது நாள் செய்யும் வேலை அது. அதைத்தான் எல்லோருக்கும் பங்கு போடுகிறோம். நானே அதை விளக்கிச் சொல்லி முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

வேறு பஸ்ஸில் சந்தி வரைக்கும்தான் வர முடிந்தது. சேர் எங்களோடேயே வந்தார். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். எங்களிடம் அடையாள அட்டை இல்லை. சேர் சிங்களத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் போகச் சொன்னார்கள். சந்தியில் இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே மூடுபனிக்குள் டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அப்பா!

"எங்கடி போன? ஒங்கம்மா அங்க அழுதுகிட்டு கெடக்குறா!" அப்படி உடைந்த குரலில் அப்பா பேசி நான் கேட்டதே இல்லை.

சேர் முன்னால் வந்து, "எம்மேலதாங்க தப்பு. நாந்தான் புடிச்சு வச்சிட்டேன்" என்றார்.

பேசாமல் இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும். என்னால் முடியவில்லை. "இல்லப்பா. வெளங்கலன்னு சொன்னது நாந்தான்" என்றேன். டியூசன் இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்பா சேரைப் பார்த்து, "இந்நேரம் தனியா திரும்பிப் போக வேணாம். இன்னிக்கு நம்ம வீட்டுலயே தங்கிட்டு வெள்ளன போங்க" என்றார். டோர்ச்சை எங்களுக்கு முன்னால் காட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் வீடு இருந்த லயம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் திரும்பி, "இப்பவாவது வெளங்கிச்சா?" என்று கேட்டார்.

"வெளங்கிச்சுப்பா."

"அடுத்த சனிக்கெழம நான் சந்தியில வந்து நிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. வெளங்காம மட்டும் வந்துறாத."

இன்று வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் தலையாட்டும்போது "எனக்கு விளங்கவில்லை" என்று எழும்ப எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அப்பா சந்தியில் நிற்கிறார் என்ற தைரியத்தில் எழும்பிவிடுகிறேன்.