லீலாபாய் டீச்சர் திரும்பி வருவாரா?

லீலாபாய் டீச்சர் எதையும் அடித்துச் சொல்ல மாட்டார். தக்கலைக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தொடக்கப் பள்ளியில் அவருக்கு வேலை. "கர்த்தருக்குச் சித்தமானா நாளைக்கு வாய்ப்பாடு கேப்பேன்" என்பார். சித்தமாகக் கூடாது என்று பிள்ளைகள் வீட்டில் முழங்கால் போட்டு ஜெபிப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவன், "சாயங்காலம் வீட்டுல இருப்பியளா டீச்சர்?" என்று கேட்டாலும் அதே பதில்தான். வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் தலையைச் சொறிந்துகொண்டு போவான்.

இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் இது புதிதொன்றுமில்லை. கல்யாணக் கார்டிலேயே முதல் வரியாக அந்த வார்த்தைதான் நிற்கும். ஆனால் மற்றவர்களுக்கு அது நாக்குப் பழக்கம், டீச்சருக்கு அப்படியல்ல. அவர் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, துபாயில் வேலை பார்த்த அப்பா கேசட்டில் பேசி அனுப்பினார்: "கிறிஸ்துமஸுக்கு அப்பா கண்டிப்பா வருவேன் மக்கா." பிள்ளை அதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்தது. புதுக் கவுன் போட்டு வாசலில் நின்றது. அப்பா ஜனவரியில் வந்தார், பெட்டிக்குள். அன்றோடு 'கண்டிப்பா' என்ற சொல் டீச்சர் வாயிலிருந்து போய்விட்டது.

அப்படிப்பட்டவருக்குத்தான் அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. ஆசிரியர் பரிமாற்றத் திட்டம். இங்கிருந்து சிலர் அங்கே போய் ஆறு வாரம் ஒரு பள்ளியில் இருப்பார்கள், பிறகு அங்கிருந்து சிலர் இங்கே வருவார்கள். பழைய காலுறைகளில் பொம்மை தைத்து அவர் கதை சொல்லும் வீடியோவை மகன் ஜெபிஷ் கோயம்புத்தூரிலிருந்தபடியே அனுப்பி வைத்தான். அது தேறிவிட்டது.

டீச்சருக்குப் பனி பார்க்கவும் ஆசையில்லை, உயரமான கட்டடம் பார்க்கவும் ஆசையில்லை. இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் காலமெல்லாம் ஒரு கையில் மூன்று வகுப்பை மேய்த்தவர் அவர். இன்னொரு டீச்சர் பாடம் நடத்துவதை நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. "ஒரே ஒருக்க பின்பெஞ்சுல இருந்து பாக்கணும்" என்று கணவரிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் கேட்டது இது ஒன்றுதான்.

கணவர் ரசலையனுக்கு மார்த்தாண்டத்தில் வாழைக்குலைக் கடை. கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு மனைவியை விசாவுக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போனார். அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் பையும் போனும் கொண்டு போகக் கூடாது என்றார்கள். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் அவர் காத்திருந்தார்.

உள்ளே கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். திட்டம் முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா என்று கேட்டார்.

"கர்த்தருக்குச் சித்தமானால்" என்றார் டீச்சர், நல்ல ஆங்கிலத்தில்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். திரும்புவீர்களா, மாட்டீர்களா என்று மறுபடி கேட்டார். டீச்சர் மறுபடியும் அதையே சொன்னார். கேட்டவருக்கு அது நழுவலாகத்தானே படும்! பாஸ்போர்ட் அங்கேயே திரும்பி வந்தது. கூடவே, ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்று ஒரு தாளும்.

ரசலையனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பி கல்யாணத்துக்குப் போனாலும் சாயங்காலம் கோழியை அடைக்க வீட்டுக்கு ஓடி வருகிறவள்; இவள் திரும்பி வருவாள் என்று நம்பிக்கை இல்லையாம்!

"ஆமான்னு ஒரு வார்த்த பறஞ்சா வாயா வெந்துரும்?"

"நாளைக்குள்ளத நான் எப்பிடிச் சொல்ல?" என்றார் டீச்சர். ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். ரசலையன் பழத்தை உரித்து நீட்டினார். வாங்கவில்லை.

பயண நாளுக்கு முன் இன்னொரு முறை விண்ணப்பிக்க நேரமிருந்தது. ரசலையன் கடையிலேயே பயிற்சி வைத்தார். தொங்கும் ஏத்தன் வாழைக்குலைகளுக்கு நடுவே ஸ்டூலில் அதிகாரியாக உட்கார்ந்து, "மேடம், திரும்பி வருவியளா?" என்பார். டீச்சர் வாயைத் திறப்பார். "கர்த்தருக்கு..." என்று வந்து நிற்கும். குலை சீவும் கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு ரசலையன் தலையில் கை வைப்பார். பழம் வாங்க வந்த குளோரிகூட, "அண்ணா, டீச்சருக்குப் பதிலா நான் போவட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் முறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பின்பெஞ்சைப் பற்றி டீச்சர் சொன்னார். உங்களோடு யாராவது வந்திருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி.

"கணவர் வந்திருக்கிறார். வெயிலில் நிற்கிறார். நான் வெளியே போகாமல் சாப்பிட மாட்டார்."

அந்தப் பெண் புன்னகைத்தார். "அப்படியானால், ஆறு வாரம் கழித்து அவரிடம் திரும்பி வருவீர்களா?"

வழக்கமான வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை முந்திக்கொண்டு, கேசட்டில் கேட்ட அப்பாவின் குரல் வந்தது. இத்தனை காலம் அப்பா தன்னை ஏமாற்றிவிட்டதாகத்தான் மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தார் டீச்சர். அப்பா பொய் சொல்லவில்லை. நாளைக்கு நடப்பதையும் அவர் சொல்லவில்லை. பிள்ளையிடம் வந்து சேர வேண்டும் என்ற தன் ஆசையைத்தான் சொன்னார். ஆசைக்கு 'கண்டிப்பா' என்பதை விட்டால் வேறு வார்த்தை ஏது?

"வருவேன்" என்றார் டீச்சர். "கண்டிப்பாக வருவேன்."

விசா ஒட்டித் தருவதற்காகப் பாஸ்போர்ட்டை அவர்கள் உள்ளே வைத்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு தெருவைக் கடந்து வந்த மனைவியைப் பார்த்து ரசலையன் எழுந்தார்.

"என்ன சொன்ன?"

"வருவேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ரசலையன் ஊர் வந்து சேரும் வரைக்கும் மனைவியை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போனார்கள். அதற்கு மேல் அவருக்கு அனுமதியில்லை. கோழியை நேரத்துக்கு அடைக்கணும், மாத்திரையை மறக்கக் கூடாது என்று டீச்சர் மறுபடியும் சொன்னார். பிறகு கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "ஆறே வாரம். கண்டிப்பா வந்துருவேன், கேட்டியளா?" என்றார்.

கடையில் கத்தியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்த மனிதருக்கு முகம் மாறிவிட்டது. பெட்டியின் கைப்பிடியை அவர் விடவில்லை.

"ஏட்டி, அப்பிடிச் சொல்லாத. சித்தமானான்னு சொல்லிட்டுப் போ."

அவர் கண் கலங்கியிருந்தது. டீச்சர் அந்தக் கையை மெதுவாகக் கைப்பிடியிலிருந்து எடுத்து, ஒரு நிமிடம் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அத நீங்க இங்க இருந்து சொல்லிக்கிட்டே இருங்க" என்றார். "நான் வருவேன்."