திறந்த அறிவியலுக்கு எனக்கு எத்தனை மார்க்?

இன்று புரொமோஷன் இன்டர்வியூவில்...

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி உதவிப் பேராசிரியை. இந்த வருடம் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம்: 'திறந்த அறிவியல் – பத்து மதிப்பெண்'.

ஆராய்ச்சியைப் பூட்டி வைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் மார்க்காம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. (பதினோரு வருடமாக 'உதவி'யாகவே இருப்பவளின் சந்தோஷத்தைக் கேலி செய்யாதீர்கள்.)

மூன்று வருடமாக நான் செய்வதே அதுதான். ஆம்பூரைச் சுற்றியுள்ள கிணறுகளில் மாதாமாதம் தண்ணீர் எடுத்து, தோல் ஆலைக் கழிவிலிருந்து கசியும் குரோமியம் எவ்வளவு என்று பார்த்து, அளவுகளை அப்படியே இணையத்தில் போட்டுவிடுவேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போன வருடம் அப்படிப் பார்த்தவர் இம்தியாஸ் பாய். தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தின் லேபில் வேலை. முன்பின் தெரியாது. திடீரென்று போன்.

"மேடம், மே மாச ரீடிங் எல்லாமே ரொம்ப கம்மியா இருக்கே? மழையே இல்ல, எப்படி கொறையும்? மெஷின கேலிப்ரேட் பண்ணீங்களா?"

பண்ணவில்லை!

'குடிக்கலாம்' என்று நான் போட்டிருந்த ஒரு கிணற்றை நம்பி ஒரு தெருவே இருந்தது.

மெஷினைச் சரிசெய்து மறுபடி அளந்தேன். குரோமியம் ஏகத்துக்கும் இருந்தது. மறுநாள் காலையிலேயே ஓடிப்போய் வீடு வீடாகச் சொன்னேன்.

"நீதானேம்மா நல்ல தண்ணின்னு சொன்ன?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் அங்கேயே குடத்தைக் கவிழ்த்தார்.

பஞ்சாயத்தில் சொல்லி லாரித் தண்ணீர் வரவைத்தோம். இணையத்திலும் 'தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் இவர்' என்று எழுதித் திருத்தினேன்.

இன்று இன்டர்வியூக் குழுவின் தலைவர், வெளியூர்ப் பேராசிரியர், சரியாக அந்த வரியில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது, நீங்களே தப்புன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

"ஆமா சார். ஒருத்தர் பாத்து சொன்னார், திருத்திட்டேன்."

"ஊருக்கே தொறந்து காட்டினா தப்பு கண்டுபிடிக்கத்தான் செய்வாங்க! உங்க டிபார்ட்மென்ட்லயே இன்னொருத்தர் வந்திருக்கார். பெரிய ஜர்னல்ல போட்டிருக்கார். இதுவரைக்கும் யாராவது ஒரு தப்பு சொல்லியிருக்காங்களா?"

"அத காசு கட்டாம படிக்க முடியாது சார். நம்ம லைப்ரரியிலயே இல்ல. யாரு படிச்சிட்டு வந்து தப்பு சொல்றது?"

தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீங்க போலாம்மா."

மதியமே முடிவு வந்துவிட்டது. புரொமோஷன் அந்தப் பெரிய ஜர்னல்காரருக்கு. (வாழ்த்துகள் சார்! கட்டுரை உங்களுக்காவது படிக்கக் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.)

இம்தியாஸ் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். மனிதர் இடிந்து போய்விட்டார்.

"இன்னா மேடம், என்னால உங்களுக்கு பேஜாராய்டுச்சே! நான் பேசாம இருந்திருக்கலாம்."

"அத அந்தத் தெருவுல போய் சொல்லுங்க பாய், பாப்போம்."

அவர் மெதுவாக, "இந்த மாச ரீடிங் எப்ப போடுவீங்க?" என்றார்.

"நாளைக்கு."

"போடுங்க. தப்பு இருந்தா விட மாட்டேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கின் மேசையில் எங்கள் ஃபைல்கள்.

"சார், அந்தத் திறந்த அறிவியல் கட்டத்துல எனக்கு எவ்ளோ மார்க் போட்டிருக்காங்க? பாத்து சொல்லுங்களேன்."

அவர் பதறிப்போய் ஃபைலை மூடி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

"ஐயோ, அதெல்லாம் ரகசியம் மேடம்!"