மாடி வீட்டு சுப்பையா

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சங்கரன்கோவிலிலிருந்து புனேவுக்கு வந்த சுப்பையா, ஒரு நாள்கூடக் குடிசையில் படுத்ததில்லை. நகரின் ஔந்த் பகுதியில் எழும்பிய அடுக்குமாடிகளில் கம்பி கட்டுவான். வேலை முடிந்தால் அங்கேயே காவல். பூச்சு முடியாத ஏதாவதொரு ஃபிளாட்டில் மனைவி லீலாவோடு குடித்தனம். கதவு மாட்ட ஆள் வந்தால் காலி செய்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போவார்கள்.

அதில் அவனுக்குப் பெருமை வேறு. ஆற்றோரக் குடிசையில் இருந்த லீலாவின் தம்பி கோவிந்தராஜைச் சீண்டாமல் விடமாட்டான். “ஒழுகுத குடிசையில மனுசன் இருப்பானா மாப்ளே? என்னயப் பாரு, நாலாவது மாடி. காத்து பிச்சிக்கிட்டுப் போவுது!” ஜன்னல் மாட்டாத வீட்டில் காற்றுக்கு என்ன குறைச்சல்?

பிறகு ஒருநாள், தொண்ணூற்றைந்துக்கு முன்பிருந்தே குடிசையில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் இலவச வீடு தரப்போகிறது என்றார்கள். ஆற்றோரத்துக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரி முன்னால், லீலா பிடித்துத் தள்ளியதில், சுப்பையாவும் போய் நின்றான்.

“தொண்ணூற்றைந்துக்கு முன்னால் எங்கே இருந்தாய்?” என்று அவர் ஹிந்தியில் கேட்டார்.

இங்கே ஒரு குடிசையில்தான் என்று ஒரு பொய் சொன்னால் போதும். சாட்சிக்குக் கோவிந்தராஜ் தயாராக நின்றான். ஆனால் இத்தனை வருடம் பீற்றிக்கொண்ட வாய் சும்மா இருக்குமா?

“ஔந்த், சாப். நாலாவது மாடி.”

“மாடியில் இருந்தவனுக்கு வீடு எதற்கு?” என்று சிரித்துக்கொண்டே அதிகாரி அடுத்த குடிசைக்குப் போய்விட்டார். லீலா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த இலவச வீடுகளைக் கட்டும் வேலையும் காவலும் சுப்பையாவுக்கே கிடைத்தன. வெள்ளையடித்து முடிந்த பிறகும் போக்கிடம் இல்லாமல், மூன்றாவது மாடி வீடொன்றில் இருவரும் இருந்தார்கள். சமையலறை மூலையில் லீலா விறகடுப்பு மூட்டினாள். சாவி கொடுப்பதற்கு முந்தின நாள்தான் மூட்டை கட்டினார்கள்.

குலுக்கலில் அந்த வீடே கோவிந்தராஜுக்கு விழுந்தது. விஷயம் தெரியாமல், பால் காய்ச்ச அக்காவையும் அத்தானையும் முதல் ஆளாக அழைத்தான்.

“பாத்தியளா அத்தான்! புது வீடுன்னு குடுத்துட்டு, எவனையோ குடிவச்சி சுவரெல்லாம் கரியாக்கிட்டானுவ. ஒரு கை சுண்ணாம்பு அடிச்சித் தாரியளா?”

லீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. கோவிந்தராஜ் வாங்கி வைத்திருந்தது கேஸ் அடுப்பு.

“அதுக்கென்ன மாப்ளே, அடிச்சிருவோம்” என்றான் சுப்பையா.

பால் பொங்கியது. எல்லோரும் குடித்தார்கள். சுப்பையா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் சுண்ணாம்பு மட்டையை நனைத்தான். புனேவில் அவன் ஒரு வீட்டில் குடியிருந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சியை அவனே வெள்ளையடித்து முடித்தான்.