பக்கத்து சீட்டின் பிரேக்

கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வருகிறார் மாஸ்டர். "கண்ணாடிக் கடை. அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கண்ணாடிக் கடை. அண்ணன் தம்பியா இருப்பாங்க, பேச்சுவார்த்தை இருக்காது." ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு உள்ளங்கை வியர்த்து ஊற்றுகிறது. எதிரே ஒரு பேருந்து தெருவை அடைத்துக்கொண்டு வருகிறது. மாஸ்டரோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, தையல் கடை வாசலில் தொங்கும் சட்டையின் நிறம் யாருக்கு எடுக்கும் என்று அபிப்பிராயம் சொல்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் இவரைப் பார்த்தால், இந்த ஆளை நம்பியா உயிரை ஒப்படைத்திருக்கிறோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார் என்பது தெரிய எனக்குச் சில நாட்கள் பிடித்தன. தோளுக்கு மேல் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கையெழுத்துகூடக் கோணலாகிவிடும் என்பது அவர் கட்சி. ஆனால் கடைக்கண்ணில் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பேருந்து கடந்து போனதும், "மூச்சு விடுங்க மேடம், அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பார்.

ஆள் ஒல்லி. நாற்பதைத் தாண்டியவர். தலைக்குக் கறுப்புச் சாயம் அடிப்பார், மீசைக்கு அடிக்கமாட்டார். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆளுடையவை போல இருக்கும். கேட்டால், மீசைக்கு அடித்தால் தும்மல் வருகிறது என்று பதில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. பயிற்சி முடிந்து இறங்குகிறவர்களிடம் காரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையை வாரியபடியேதான் அன்றைய தவறுகளைச் சொல்வார்.

பயிற்சிக் கார் என்பதால் அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் உள்ளே இணைப்பு இருக்கிறது. அவர் மிதித்தால் நம் காலுக்கடியில் இருக்கும் பிரேக்கும் கண்ணுக்குத் தெரியாத யாரோ மிதித்தது போலத் தானாக இறங்கும். மற்றப் பயிற்சிப் பள்ளிகளில் கற்றுக்கொண்டவர்கள், கடைசிவரை வண்டியை ஓட்டியது நாங்களா அவர்களா என்றே தெரியவில்லை என்பார்கள். நம் மாஸ்டர் அந்தப் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருமுறை நான் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு குப்பைத் தொட்டி இடிபடப் போவது அவருக்குத் தெரிந்திருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தார். இடித்தேன். தொட்டி உருண்டது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன். "சொல்லியிருந்தா நான் நிறுத்தினதா இருக்கும். இப்போ இடிச்சது நீங்க. இனிமே நிறுத்தப்போறதும் நீங்க" என்றார். எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான். இறங்கித் தொட்டியை நிமிர்த்தி வைத்தவளும் நானே.

புதிதாகச் சேர வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க போகணும்?" என்பது. கார் கற்றுக்கொண்டு எந்த இடத்துக்குப் போவதாக உத்தேசம் என்று கேட்கிறார். ஒருநாள் ஒரு கணவர் தன் மனைவியை அழைத்து வந்தார். "இவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. பக்கத்துத் தெருவரைக்கும் ஓட்டினாப் போதும். மெயின் ரோடு வேண்டாம்" என்று அவரே எல்லாவற்றையும் முடித்துவைத்தார். மாஸ்டர் அவரைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீங்க எங்க போகணும்?" என்று கேட்டார். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடல் பார்க்கப் போகவேண்டும் என்றார். கணவருக்கு அது புதுச் செய்தி. கடல் எவ்வளவு தூரம் என்று மாஸ்டரிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் டீக்கடை பெஞ்சில் அவருடைய தத்துவம் நடக்கும். போன வாரம் சொன்னதில் முக்கால்வாசி இந்த வாரமும் வரும். மனுஷனுக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பிப்பார். பெட்டியை எங்கே தூக்கி வைத்தாலும் அங்கேயே இருக்கும், மாட்டேன் என்று சொல்லாது. மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கு இடம் விடாதவரைக்கும் அவரை நாம் பெட்டியாகத்தான் வைத்திருக்கிறோம், எவ்வளவு பட்டுத்துணி போட்டு மூடினாலும் பெட்டி பெட்டிதான் என்பார். நான் தலையாட்டுவேன். தப்பில்லாத பேச்சுதான். ஆனால் இவ்வளவு பேசுகிற மனிதருக்குத் தன் வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. அவருடைய சாயமும் சீப்பும்கூட அவர் அக்கா வாங்கி வைப்பவை.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவர். மாஸ்டர் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா இறந்துவிட்டார். தம்பியை வளர்த்தது அக்கா. அதன் பிறகு அப்பா படுத்த படுக்கையானார். அவரைப் பல வருஷம் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டியதும் அக்காதான். நடுவில் நர்ஸ் படிப்பும் படித்து, தெரு முனையில் இருந்த சின்ன மருத்துவமனையில் வேலையும் பார்த்தார். தம்பி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காவிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. போன வருஷம் அப்பா காலமான பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

இந்த நிலைமையில்தான் அக்காவுக்கு வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்தது. படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. தங்க இடம் உண்டு, வண்டி அவர்களே தருவார்கள், ஆனால் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மாத முடிவுக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அக்கா தம்பியின் பயிற்சிப் பள்ளியிலேயே பெயர் கொடுத்தார். மாஸ்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

காலை வகுப்பில் நானும் அக்காவும் ஜோடி. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்போம். அக்கா ஓட்டும்போது மாஸ்டர் கடைப் பலகைகளை வாசிக்கவில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி நாலடி போகும், குலுங்கி நிற்கும். திருப்பத்தில் நிற்கும். காலியான தெருவில் ஒரு காரணமும் இல்லாமல் நிற்கும். நரம்பில் ஊசி ஏற்றும்போது நடுங்காத கை அக்காவுடையது. அந்தக் கை ஸ்டியரிங்கில் பழகிப்போய் உட்கார்ந்துவிட்டது, வண்டிதான் போகமாட்டேன் என்றது. டீக்கடையில் மாஸ்டர் என்னிடம், அக்காவுக்கு வயசாகிவிட்டது, எல்லோருக்கும் எல்லாம் வரவேண்டும் என்று இல்லையே என்று இழுத்தார். என் கணவரே ஓட்டக் கற்றுக்கொண்டார் என்றால் யாருக்கும் வரும் என்றேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

பின்சீட்டில் இருந்து பார்த்தால் அவருடைய பாதம் தெரியாது, முழங்கால் தெரியும். அந்த முழங்கால் அசைவதை நான் கவனித்தேன். அசைந்த மறுகணம் வண்டி நின்றது. அவர் தெரிந்தே செய்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அந்நியர்களைத் தாராளமாக இடிக்க விட்டவருக்கு அக்கா விஷயத்தில் மட்டும் கால் பதறியது. இடித்துக்கொள்வார் என்ற பயம் பாதி, ஓட்டிவிடுவார் என்ற பயம் பாதி. இதில் அன்பு எது, பிடிவாதம் எது என்று பிரித்துச் சொல்ல அவராலும் முடிந்திருக்காது.

லைசென்ஸ் தேர்வுக்கு முந்திய நாள் காலை. பெரிய நாற்சந்தியில் விளக்கு பச்சைக்கு மாறியது. அக்கா முதல் கியர் போட்டு, குலுங்காமல் வண்டியைக் கிளப்பி, சந்தியின் நடுவரைக்கும் நன்றாகவே கொண்டுபோனார். நான் மனசுக்குள் கைதட்டினேன். முழங்கால் அசைந்தது. வண்டி நட்டநடுவில் நின்றுவிட்டது. நாலு பக்கமும் ஹாரன். ஒருவர் தலையை வெளியே நீட்டி, வீட்டிலேயே இருக்கவேண்டியதுதானே என்று கத்திவிட்டுப் போனார். அக்கா பதறவில்லை. மறுபடி கிளப்பி, சந்தியைத் தாண்டி, ஒரு மருந்துக்கடை ஓரமாக நிறுத்தி, கைபிரேக்கையும் இழுத்துவிட்டார்.

"என் காலுக்குக் கீழ பிரேக் தானா எறங்குது தம்பி" என்றார். "இன்னிக்கு மட்டும் இல்ல. ஆரம்பத்துல இருந்தே எறங்குது."

லாரி வந்ததாக மாஸ்டர் சொன்னார். எந்த லாரி என்று அக்கா கேட்டார். மாஸ்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மருந்துக்கடையைப் பார்த்தேன். லாரி எதுவும் வரவில்லை.

"நான் போறது புடிக்கலன்னா வாயால சொல்லு. காலால சொல்லாத."

மாஸ்டர் சட்டைப் பையில் இருந்த சீப்பை எடுத்தார், அதன் பற்களைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தார். எனக்குக் காரை விட்டு இறங்கிவிடலாம் போல இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"புடிக்கல" என்றார் கடைசியில். "நீ போய்ட்டா சாயங்காலம் கதவத் தொறக்க ஆள் இருக்காதுக்கா. நான் அந்த வீட்ல தனியா இருந்ததே இல்ல."

அக்கா வண்டியின் என்ஜினை அணைத்தார். தம்பியின் தலையைத் தொடக் கை போனது, பின்னால் நான் இருப்பது ஞாபகம் வந்தோ என்னவோ, பாதியில் இறங்கி அவர் தோளில் நின்றது.

"தெரியும்டா. நானும்தான் தனியா இருந்ததில்ல. எனக்கும் கலக்கமாத்தான் இருக்கு." அதே குரலில் தொடர்ந்தார். "நீ சொன்னதக் கேட்டுக்கிட்டேன். ஆனாலும் நான் போறேன்."

மாஸ்டர் நாளைக்குத் தேர்வுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று மட்டும் கேட்டார். அக்கா சாவியைத் திருப்பினார்.

வண்டி உறுமத் தொடங்கியதும் மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார். தன் சீட்டை முடிந்தமட்டும் பின்னால் தள்ளினார், என் முழங்கால் இடித்தது. பிறகு ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தார், அடுத்த காலையும் தூக்கினார். அந்தக் குறுகின இடத்தில் எப்படியோ உடம்பை மடக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கைபிரேக்கை இறக்கி, வண்டியைத் தெருவுக்குள் எடுத்தார். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது குறுக்கே நீட்டிக்கொண்டிருந்த தம்பியின் முழங்காலைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.