சேகோ மில் தராசில் இரண்டு ஜோடி ஸ்கீ

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். ஒன்பதாவதோடு என்னிடமிருந்து தப்பித்தது பள்ளிக்கூடம். திருச்செங்கோட்டிலிருந்து ஆத்தூர் போய் வந்ததெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். ஆனால் பனியில் சறுக்கும் ஸ்கீ வாங்க ஆத்தூர் போனவன் நான் ஒருத்தன்தான்.

காலை 6.40. திருச்செங்கோடு பஸ் நிலையம். சேலத்துக்கு டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். ஸ்கீ எனக்கில்லை, குமாருக்கு. ரிக் வண்டியில் என்னோடு போர்வெல் போட இமாச்சலம் வந்தவன், வண்டி திரும்பியபோது திரும்பவில்லை. அங்கே ஒரு சறுக்குப் பள்ளியில் எடுபிடியாகச் சேர்ந்து, சறுக்கவும் பழகிவிட்டான். போன வருஷம் பயிற்சியாளர் தேர்வில் தோற்றான். தேர்வு நடக்கும் சரிவில் ஏற வண்டி வசதி கிடையாது. வாடகை ஸ்கீயைத் தோளில் சுமந்து ஏறியதிலேயே அவன் கால் ஓய்ந்துவிட்டது. இந்த முறையும் தோற்றால் பழையபடி ரிக்தான். ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி மில்லில் பழைய ஸ்கீ விலைக்கு இருப்பதாகப் போனில் விளம்பரம் பார்த்துச் சொன்னதும் அவன்தான்.

பஸ்ஸில் இருக்கும்போது போனில் பாடம் நடத்தினான். இறுகிய பனி, பொடிப் பனி, எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி ஆக வேண்டும். நடுவில் ஒன்பது சென்டிமீட்டர் அகலம். நிறுத்தினால் மூக்கு வரை உயரம். எல்லாவற்றையும் விட முக்கியம், எடை குறைவு.

"லாரி டயராட்டம் தட்டிப் பாத்து, கனமானதுதான் கெட்டின்னு எடுத்துராதடா."

"உசரம் உன்ற மூக்குக்கா, என்ற மூக்குக்கா?" என்றேன். போனை வைத்துவிட்டான்.

9.50. ஆத்தூர். சேலத்தில் பஸ் மாறி இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மேகம் கவிழ்ந்து கிடந்தது, மழையும் இல்லை வெயிலும் இல்லை. மில் களத்தில் ஜவ்வரிசி காயாமல் வெள்ளையாகப் பரந்திருந்தது. மில்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

"ஏனுங்க, இந்தக் களத்துலதான் சறுக்குவீங்களா?" என்றேன்.

"எம் பையன் சறுக்குவான். வெளிநாட்டுல வேலை. போன மாசியில அங்கயே தவறிட்டான். அவன் வந்த பெட்டிக்குப் பின்னாடி இதுவும் வந்துச்சு."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

இரண்டு ஜோடிகள். எதை எடுத்தாலும் ஆறாயிரம் என்றார். மூட்டை போடும் தராசில் வைத்தோம். அகலமான ஜோடி ஆறரை கிலோ. மற்றது நாலு கிலோ, நடுவில் சரியாக ஒன்பது சென்டிமீட்டர். பக்கத்தில் நிறுத்தினேன், மூக்கு வரை வந்தது. குமார் கேட்டது அப்படியே. கயிறு கட்ட ஆரம்பித்தேன்.

மில்காரர் துண்டால் அதன் நுனியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கடைசியா போட்டது இதுதான்" என்றார். "பரவால்ல, எடுத்துக்கப்பா." கை மட்டும் நுனியை விடவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன். கனமான ஜோடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினேன்.

"நாங்க லாரிக்காரங்க. கனமானதுதானுங்க கெட்டி. இதையே எடுத்துக்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு நாலு கிலோவைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

பிற்பகல் 1.15. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஜன்னல் சட்டமா என்று கேட்டு, லக்கேஜுக்கு இருபது ரூபாய் வாங்கினார். ஆறரை கிலோவும் மடியில் இருந்தது. அடுத்தவன் பிழைப்பில் கை வைத்துவிட்டு இரக்கம் காட்டினேனே என்று சேலம் வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் குமாருக்கு எழுதி அனுப்பினேன். திட்டு வரும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சங்ககிரி தாண்டும்போது பதில் வந்தது: "தூக்கறது நாந்தான, நீ எதுக்குடா அழுவற?"